பதினாலாயிரம் பக்கங்களில் ஒரே மாமா

அச்சகத்துக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி அம்மா. பதிப்பகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக மெய்ப்புத் திருத்துபவர். காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

"நம்ம மூக்கு கோணலா இருந்தாலும் அம்மா வட்டம் போட்டுடுவாங்க" என்பார் பக்கம் வடிவமைப்பவர்.

"வட்டம் போடலாம். திருத்த முடியாதேப்பா" என்று சிரிக்காமல் சொல்வார் அம்மா.

அந்தப் பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியது முதலாளி இளவயதில் எழுதிய புத்தகம்: ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றுக்குத் தமிழில் விளக்கமும். அதைப் புதுப்பிக்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்து, இந்தப் பதிப்பில் 'தொகுப்பு' என்று அவர் பெயரும் அட்டையில் வரும் என்றார் முதலாளி. அம்மாவின் கைபட்டு வெளியான புத்தகங்கள் அலமாரி அலமாரியாக நின்றன. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. அன்று வீட்டுக்குப் போனவர், மகளிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

எந்தத் தொடர் இன்னும் வழக்கில் இருக்கிறது என்று பார்க்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுவார். பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் வந்தால் புத்தகத்தில் இடம் உண்டு. வராவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். முதலாளி குளிர்ந்துபோய், 'இணையத்தில் எண்ணிச் சரிபார்த்தது' என்று அட்டையில் ஒரு வரியே சேர்த்தார்.

புத்தகம் அச்சுக்குப் போகவிருந்த வாரம், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையிலிருந்து வந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுவது அவள் வேலை.

"உன் புத்தகத்தை நம்பி மானம் போச்சும்மா."

"என்னடி ஆச்சு?"

"பார்சல் வரலன்னு ஒரு அம்மா குதிகுதின்னு குதிச்சாங்க. அப்புறம் பார்த்தா பார்சல் அவங்க வாசல்லயே இருக்கு. சாரி கேட்டாங்க. நானும் பெருந்தன்மையா, 'பரவாயில்ல, ஸ்டார்ம் இன் எ காபி கப்'னு சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல என் ஹெட்போனே ஆடிப்போச்சு. அது டீ கப்பாம்! பக்கத்து சீட்டுக்காரி இப்ப என்னைக் காபி கப்னுதான் கூப்பிடறா."

சின்ன விஷயத்துக்குப் பெரிய அமர்க்களம் என்று பொருள் தரும் அந்தத் தொடர் முதல் பதிப்பிலிருந்தே புத்தகத்தில் உண்டு. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

"பதினாலாயிரம் பக்கத்துல இருக்குடி. நானே எண்ணினேன்."

"எண்ணினே சரி. படிச்சியா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பக்கங்களைத் திறந்தார். முதலாவது ஏதோ ஆங்கிலப் பயிற்சி நிலையத்துடையது. அதில் ஓர் எடுத்துக்காட்டு: மாமாவின் குடையைக் காணோமென்று வீடே அல்லோலகல்லோலப்பட்டது, குடையோ அவர் கக்கத்தில், எல்லாம் காபிக் கோப்பைக்குள் அடித்த புயல். அடுத்தது தேர்வு வழிகாட்டி. அங்கேயும் அதே மாமா, அதே குடை. மூன்றாவதில் மாமாவுக்குப் பதில் தாத்தா வந்திருந்தார். குடை மட்டும் கக்கத்தை விட்டு இறங்கவில்லை. கடைசிவரை தள்ளிக்கொண்டே போனார். பதினாலாயிரம் என்று மார்தட்டிய கணக்கு முந்நூற்றுச் சொச்சத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

அந்த மாமா முதலாளியின் புத்தகத்தில் பிறந்தவர். காபிக்கு உயிரை விடும் முதலாளி, தேநீரை மனதாலும் தொடாதவர், எழுதும்போது கோப்பையை மாற்றியிருக்கிறார். அதைப் பார்த்து ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று படியெடுத்திருக்கிறார்கள். ஊர் உலகம் எப்படிப் பேசுகிறது என்று எண்ணப்போன அம்மா, சொந்தப் புத்தகத்தின் எதிரொலியை எண்ணிவிட்டு வந்திருந்தார். இது ஒன்றுதானா, இன்னும் எத்தனையோ?

முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னார்.

"பதினாலாயிரம் பேர் சொல்றாங்கம்மா!"

"ஒருத்தர்தாங்க சொல்றார். நீங்க. மத்தவங்க திருப்பிச் சொல்றாங்க."

முதலாளியின் காது மடல் சிவந்தது. "அந்த ஒண்ணை மாத்திட்டு அச்சுக்கு அனுப்புங்க."

"எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும். எண்ணினது போதாது, படிக்கணும். அந்த அட்டை வரியும் வேண்டாம்."

"அந்த வரிக்காகத்தாம்மா வாங்குவான்!"

"அப்ப வரி இருக்கட்டும். என் பேரை எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு, கையிலிருந்த மெய்ப்புக் கட்டை மேசையில் வைத்தார். முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"எவ்வளவு நாள் வேணும்?"

"மழைக்காலம் முடியறவரைக்கும்."

சொன்னபடி செய்தார். மரபுத்தொடர் சொல்லித்தரும் பக்கங்கள் எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. செய்தியிலோ கதையிலோ சண்டையிலோ, யாரோ தம் போக்கில் பேசும்போது அந்தத் தொடர் வந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்தார். பல தொடர்கள் தேறின. முதலாளிக்குச் செல்லமான சில தேறவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் வாதாடித் தோற்றார்.

அட்டை தயாரான அன்று வடிவமைப்பவர் கேட்டார்: "ஐயா, எண்ணின வரியை எடுத்தாச்சு. அந்த இடம் காலியா நிக்குதே, என்ன போட?"

"அம்மா பேரைப் பெரிசாக்கு" என்றார் முதலாளி. "இன்னும் பெரிசா. என் பேர் சின்னதா இருந்தா ஒண்ணும் குடிமுழுகிடாது."

அம்மா அட்டையை வாங்கி, தம் பெயரை எழுத்தெழுத்தாக, பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மறுபடியும் பார்த்தார்.