கீழே போட்ட வெஸ்டர்ன்

மோகனூரில் நாங்கள் புது வீடு கட்டியபோது எனக்குப் பத்து வயது. அந்த வயதிலேயே எல்லா விஷயத்திலும் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. கக்கூஸ் விஷயத்தில் அது இன்னும் தீர்மானமாக இருந்தது. வெஸ்டர்ன்தான் வேண்டும், அதுவும் மாடியில் என் அறையை ஒட்டி வேண்டும்.

அப்பாவின் திட்டமும் கிட்டத்தட்ட அதுதான். கோயமுத்தூர் சொந்தங்கள் வந்தால் காட்டுவதற்கு மாடியில் வெஸ்டர்ன்; எங்கள் அன்றாடத்துக்குக் கீழே இந்தியன். குத்தவைத்து உட்கார்ந்தால்தான் வயிறு சுத்தமாகும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இந்த ஏற்பாடுதான். எப்போதாவது வருகிறவர்களுக்கு நல்லது, தினமும் இருக்கிறவர்களுக்குப் பழையது. எதற்கும் எதிர்ப்பேச்சு பேசாத அம்மா இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கீழேயும் வெஸ்டர்ன்தான் என்றாள். அம்மாவுக்கும் நாகரிகம் பிடித்துவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டில் இருந்தது இந்தியன். அதன் பக்கத்துச் சுவர்க்குழாய் அடிக்கடி ஆட்டம் கண்டுவிடும். பிளம்பர் வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் மறுபடி ஆடும். அப்பா அந்த மனிதரைத் திட்டித் தீர்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் நாமக்கல்லில் கக்கூஸ் பீங்கான் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார பாய் பொறுமைசாலி. சுவரில் மாட்டுகிற வகையை முதலில் காட்டினார்.

"இதுல எங்க மச்சான் உக்காந்தா செவுத்தோட வந்துருமுங்க பாய்," என்றார் அப்பா.

பாய் சிரித்துக்கொண்டே ஆங்கிலோ இந்தியன் என்று ஒன்றைக் காட்டினார். நாற்காலிபோல உட்காரலாம், அகலமான விளிம்பில் காலை வைத்து ஏறிக் குத்தவைக்கவும் செய்யலாம். வீட்டுச் சண்டைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு ஏது? அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கடை நடுவிலேயே ஏறிக் குத்தவைத்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

"இதையே கீழ போட்டுரலாமுங்க," என்றார் மேலிருந்தபடி.

"ஏனுங்க, நீங்க ஏறி எறங்கற காலழுக்கத் தெனமும் ஆருங்க கழுவறது?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு பக்கத்திலிருந்த வெஸ்டர்னில் உட்கார்ந்தாள். இரண்டு கையும் மடியில். எதையும் பிடிக்காமல் எழுந்தாள். நம்பிக்கை வராதவள்போல மறுபடி உட்கார்ந்து எழுந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"இதுதானுங்க. கீழ போடறது இதுதான்."

 அப்பா தனக்கு ஓர் இந்தியனை வீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொள்வதாகச் சொல்லி ஒத்துக்கொண்டார்.

மாடியிலும் கீழேயும் வெஸ்டர்ன் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். புது வீட்டில் குழாய் ஒரு தடவைகூட ஆடவில்லை. பிளம்பரை மாற்றியதுதான் காரணம் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

பல வருஷம் கழித்து, நான் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, திருச்செங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இந்தியனில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்தேன். சுவர்க்குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் எழுந்தேன். குழாய் ஆடியது. அதைப் பிடித்தபடியே நின்று அழுதேன். அம்மாவின் முட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிளம்பரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.