தண்ணீர் வந்ததென்று சொன்ன குரல்

என் வீட்டுக்காரர் தவறிப்போன அன்று, உடம்பை வாசலில் கிடத்தியிருந்தோம். மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டே தியாகராசன் அண்ணன் ஆட்டோவில் எங்கள் தெருமுனைக்கு வந்தார். பந்தலைப் பார்த்தவர் மைக்கை அணைத்தார். என்ஜினையும் நிறுத்திவிட்டு இறங்கி, தெரு தாண்டும் வரைக்கும் ஆட்டோவைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

நெடுங்காட்டுப் பக்கம் அரசாங்கம் சொல்ல நினைப்பதெல்லாம் அவர் வாயால்தான் வரும். புயல், சொட்டு மருந்து, கரண்ட் நிறுத்தம், ஆற்றில் தண்ணீர் திறப்பு. ஆபீசில் எழுதிக் கொடுப்பதைப் படிப்பார், சொன்னபடி நடக்கும். அதனால் தண்ணீர் என்று அந்தக் குரல் சொல்லிவிட்டால், கடைமடைக்காரர்களான நாங்கள் வாய்க்காலைப் போய்ப் பார்க்க மாட்டோம். அன்று சாயங்காலமே அம்பகரத்தூர் அம்மனுக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைத்துவிட்டு விதைநெல்லை ஊறப்போடுவோம்.

அந்த வருஷம் சம்பாவுக்கு முன்னால் ஆபீசில் சாதனை அறிவிப்பு ஒன்று கொடுத்தார்கள். வாய்க்காலெல்லாம் கடைமடை வரை தூர்வாரியாயிற்று, தண்ணீர் தடையில்லாமல் பாய்கிறது என்று. அவரும் நம்பித்தான் படித்தார். நாங்களும் நம்பி ஊறப்போட்டோம்.

தண்ணீர் மேல்மதகோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை. ஆகாயத்தாமரை அப்படியே மண்டிக் கிடந்தது. ஊறிய நெல் காத்திருக்குமா? சாக்குக்குள்ளேயே முளை நீண்டு, சூடேறி, புளித்துப் போயிற்று. மாட்டுக்கு வைத்தோம்.

அடுத்த தடவை அவர் வந்தபோது பக்கத்து வீட்டு அன்பழகன் ஆட்டோவை மறித்தான்.

"என்ன மாமா, மைக்குல ஓடுற தண்ணி வயலுக்கு எப்ப வரும்? வாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, எச்சில் பட்டாவது வயல் நனையட்டும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, வாய்க்காலில் இறங்கி மதகு வரைக்கும் நடந்து பார்த்தார். பிறகு வீடு வீடாக வந்து நின்றார். பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றார், அவ்வளவுதான்.

மதகுக்குக் கீழே வாய்க்காலின் கடைசித் துண்டு இன்னும் பாக்கி என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் போய்க் கேட்டாராம். முடிந்ததை மட்டும்தான் சொல்வது வழக்கம், படிப்பதுதான் உங்கள் வேலை என்றார்களாம். மறுமாதத் தாளில் விவசாயிகள் மகிழ்ச்சி என்று இருந்தது. பாலம் வரை படித்துக்கொண்டு வந்தவர் எங்கள் தெருமுனையில் மைக்கை அணைத்தார். பந்தல் இல்லை, சாவு இல்லை. அன்று போலவே இறங்கி ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

இப்போது பதிவு செய்த குரல் ஒன்று வருகிறது. எந்த வாசலிலும் அது நிற்பதில்லை.

பூவத்தில் இருக்கும் மகள் சிவப்ரியா வீட்டுக்கே அண்ணன் போய்விட்டார். வாய்க்காலின் கடைசித் துண்டைத் தூர்வாருவதற்கு முன்பே சாமி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். மனசு கேட்காமல், எழுதிக் கொடுத்ததைத்தானே படித்தீர்கள், உங்கள் மேல் என்ன குற்றம் அண்ணே என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தண்ணி வந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு தங்கச்சி. உன் கண்ணால பாத்துட்டுச் சொல்லு."