தோடம்பழத்தில் கராம்பு குத்திய நத்தார்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நான் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். கூட்டத்தில் எழும்பி நின்று சாட்சி சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் எழுதித் தருகிறேன். யார் வாசித்தாலும் சரி. இதில் அருவருப்பான விசயங்கள் வரும். அவற்றை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அப்போது இது என் கதையாக இல்லை.

போன வருடத்துக்கு முந்திய வருடம் ஆவணி மாதம் எனக்குக் கொரோனா வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ச்சல் விட்டது, வேலைக்குப் போனேன். சில கிழமைகள் எந்த மணமும் தெரியவில்லை. புரட்டாதி மாதம் ஒரு காலை மணம் திரும்பி வந்தது. ஆனால் அது பழைய மணம் அல்ல.

நான் இங்கே பலேர்மோவில், கால்சாப் பக்கம், ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். நல்ல மனுசி. சூசை என்ற என் பெயரை ஜுசெப்பே என்றுதான் கூப்பிடுவார். காலையில் நான் போனதும் தன் கையாலேயே கோப்பி போட்டுத் தருவார். அன்றைக்கும் தந்தார். கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனேன். அலுமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் எப்படி இருக்கும், அந்த நாற்றம். கோப்பையைக் கழுவாமல் தந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மனுசி பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி விழுங்கினேன்.

அன்று தொடங்கியது. வெங்காயம் நாறியது. கோழி நாறியது. பற்பசை நாறியது. பொரித்த எதுவும் அழுகிய இறைச்சியும் எரிந்த ரப்பரும் சேர்ந்தது போல நாறியது. வேலை முடிந்து கபோ சந்தைக்குள்ளால் வீட்டுக்கு வருவது என் வழக்கம். மீன் தட்டுகளையும், கொழுப்பில் பொரியும் மாட்டுக் குடலையும் தாண்டி வர முடியாமல் சுற்றி வியா மக்வேதா தெருவால் வந்தேன். அங்கேயும் கடைக்குக் கடை பொரியல். வாய்க்குள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பசியால் அல்ல, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருவதற்கு முன் ஊறுமே, அந்த எச்சில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலகூடத்தில் மட்டும் எனக்கு நாற்றம் தெரியவில்லை. சிஞ்ஞோராவின் மலகூடத்தைக் கழுவும் நேரம்தான் நான் மூச்சை நிம்மதியாக இழுத்த நேரம். மனிதன் இப்படியும் ஆவானா என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

என் மனைவி ரீற்றா நன்றாகச் சமைப்பாள். நான் சாப்பிடாததைப் பார்த்து இன்னும் உறைப்பாக, இன்னும் தாளித்துச் சமைத்தாள். எங்கள் பக்கத்தில் வாய் கைத்தவனுக்குக் கருவாட்டுக் குழம்புதான் மருந்து. அந்தச் சட்டி அடுப்பில் ஏறினால் நான் மாடிப்படியில் போய் இருப்பேன். கட்டித் தந்த சோற்றைத் துறைமுகப் பக்கத்துப் பூனைகளுக்குப் போட்டேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ரீற்றா தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பாள். அந்த எண்ணெயும், அவளுடைய தோலும், தலையணை உறையும் எனக்கு நாறின. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். பிறகு குசினிக்குள் பாயைப் போட்டேன். ஒரு நாள் அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"என்னப்பா, என்னில நாறுதோ?"

கோபத்தில் கேட்ட கேள்விதான் அது. ஆனால் அதுதான் உண்மை. ஓம் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றால் ஏன் எழும்பிப் போனீங்கள் என்று கேட்பாள். குனிந்து பாயை உதறினேன். இது உடம்பு வருத்தம் என்றே எனக்குத் தெரியாது. மனதில் ஏதோ பேய் புகுந்துவிட்டது என்றுதான் பயந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு பூசையில் நன்மை வாங்கினேன். நற்கருணை அப்பத்தை நாக்கில் வைத்தவுடன் பழைய புண்ணின் துணியை வாயில் வைத்தது போல இருந்தது. ஆண்டவரின் உடல்! துப்பினால் சாவான பாவம் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்திருக்கிறார்கள். கண்ணீர் வர விழுங்கினேன். அடுத்த ஞாயிறு நான் நன்மைக்கு எழும்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எழும்பவில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவன் நன்மை வாங்கப் போகாமல் வாங்குப் பலகையிலேயே இருந்தால் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ஆம்பிளை என்றால் அது என்னவென்று கேட்கவும் தேவையில்லை. வீட்டில் சாப்பிடுவதில்லை, மனைவியோடு படுப்பதில்லை, நன்மை வாங்குவதில்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்தவர்கள் ரீற்றாவிடம் வந்து சொன்னார்கள். அவள் அழவில்லை. கார்த்திகை மாதக் கடைசியில் என்னிடம் சொன்னாள்.

"நத்தார் முடிய நான் மிலானோவுக்குத் தங்கச்சியிட்டைப் போறன். திரும்பி வரமாட்டன். நீங்கள் அவளோட இருங்கோ."

"எவளோட?" என்று கேட்டேன்.

"அதையும் என்ர வாயால சொல்ல வேணுமோ?"

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் போனேன். மெழுகுதிரி மணமே குமட்டியது. மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டுதான் முழங்காலில் நின்றேன். எனக்கு அழகாகச் செபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, எனக்குக் கதைக்க வராது. நீரே அவளுக்குச் சொல்லும். எப்படியென்றாலும் பரவாயில்லை" என்று கேட்டேன். எப்படியென்றாலும் என்ற சொல்லை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் கோயில் மண்டபத்தின் கூரை ஒழுகுவதால், அதைத் திருத்த அந்த வருடம் நத்தார் சோடனைகள் செய்து விற்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். எல்லாம் கையால் செய்தது. நட்சத்திரம், சின்னக் குடில், கதவில் தொங்கவிடும் மாலை. சாப்பாட்டுப் பக்கம் ரோல்ஸ் பொரிப்பது எப்போதும் நான்தான். இந்த முறை முடியாது என்றேன். என்னை முறைத்துப் பார்த்துவிட்டுக் கடதாசி நட்சத்திரம் மடிக்க விட்டார்கள். கடதாசி நாறவில்லை. அந்த மேசையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ரீற்றா அடுத்த மேசையில் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வட்டமாக வெட்டிக் காய வைத்த செம்மஞ்சள் தோடம்பழத் துண்டுகளையும் கறுவாப்பட்டைகளையும் நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். மேசை நிறைய மாலை.

விற்பனைக்கு முந்திய சனிக்கிழமை, குசினிக்குள் இருந்து பிலோமினாக்கா மீன் ரோல்ஸ் தட்டோடு வந்தார். மண்டபத்தில் சத்தம் கூடியவர் அவர்தான். யாரையும் சாப்பிடாமல் விடமாட்டார்.

"சூசை, ஒண்டு சாப்பிடும்."

"வேண்டாமக்கா."

"என்ன வேண்டாம்? ஆளைப் பார், எலும்பும் தோலுமா. இஞ்சை பாருங்கோ, இவருக்கு வேற ஒருத்தி இருக்கிறாளாம்! இருந்தா அவள் சோறு போடமாட்டாளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ரீற்றாவின் முதுகு அசையவில்லை. சிரிப்போடு சிரிப்பாக அக்கா ஒரு ரோல்ஸை என் வாய்க்குள் திணித்துவிட்டார்.

நான் எழும்பி ஓடத்தான் பார்த்தேன். ரீற்றாவின் மேசையைத் தாண்ட முடியவில்லை. தோடம்பழ மாலைகளின் மேல் சத்தி எடுத்தேன். மீன், மஞ்சள் தண்ணீர், வெறும் பித்தம். நிறுத்த முடியவில்லை. நாட்கணக்காகச் செய்த வேலையெல்லாம் அதில் ஊறியது. தங்கத் தாள் ஒட்டிய ஒரு குழந்தை இயேசுவின் தொட்டிலிலும் தெறித்தது. "சீ!" என்று ஒரு பெண் விலகினாள். "குடிவெறியோ?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று இருந்தது.

பிலோமினாக்கா மட்டும் விலகவில்லை. கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, அந்த ரோல்ஸ் உமக்கு எப்பிடி நாறினது?"

"செத்த எலி" என்றேன்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"கோப்பி?"

"அதுவும்."

"வெங்காயம்?"

"ஐயோ அக்கா, சொல்லாதேங்கோ."

"பெண்சாதி?"

எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

"அடியே ரீற்றா, இஞ்சை வாடி" என்று கத்தினார் அக்கா. "வேற ஒருத்தியும் இல்லை, மண்ணும் இல்லை. இது கொரோனா விட்டிட்டுப் போன வருத்தம். எனக்கும் வந்தது. என்ர மனுசன் கிட்ட வந்தா எனக்குச் சாக்கடை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் மெலிஞ்சதைப் பாத்து டயற் டயற் எண்டு புகழ்ந்தனீங்கள் எல்லாரும்!"

ரீற்றா கையில் நூலோடு நின்றாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ நாறுறாய் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

"மாடெண்டாலும் கத்தும்!" என்றாள். அவ்வளவுதான். வாளியும் துணியும் எடுத்து வந்து என் சத்தியைத் துடைத்தாள். நான் துணியை வாங்கப் போனேன், தரவில்லை. முகத்தைச் சுளிக்காமல் துடைத்தாள். இத்தனை மாதம் அவளுடைய தலைமுடிக்கு முகம் சுளித்தவன் நான். அதைப் பார்த்து நிற்பது சத்தி எடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாலைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. திரும்பக் காய வைக்க நேரம் இல்லை. பச்சைத் தோடம்பழத்தில் கராம்பு குத்திச் சிவப்பு நாடா கட்டினால் இத்தாலியர்கள் வாங்குவார்கள் என்று அக்கா சொன்னார். அது மட்டும் இல்லை. அவருடைய வைத்தியர் அவருக்குச் சொன்ன வைத்தியமும் அதுதானாம். இதற்கு மருந்துக் குளிசை கிடையாது. கராம்பு, தோடம்பழம் மாதிரியான மணங்களைக் காலையும் மாலையும் மூக்கில் பிடித்து, இது இன்னது என்று நினைக்க வேண்டும். மூக்கு திரும்பப் படிக்கும். எங்கள் வைத்தியரிடம் போனபோது அவரும் அதையே சொன்னார்.

அந்தக் கிழமை முழுவதும் நானும் ரீற்றாவும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து கராம்பு குத்தினோம். தோல் வெடித்துச் சாறு விரலில் வழியும். எனக்கு அது அழுகிய உருளைக்கிழங்கு. ஒவ்வொரு பழமும் முடிய ரீற்றா என் மூக்கில் பிடிப்பாள்.

"என்ன மணம்?"

"நாத்தம்."

"இது தோடம்பழம். சொல்லுங்கோ."

"தோடம்பழம்" என்பேன், குமட்டலை அடக்கிக்கொண்டு.

அவள் எண்ணெய் வைப்பதை விட்டாள். எனக்கு ஆறின சோறும் தயிரும் தந்தாள், ஆறினது குறைவாக நாறும். குசினியில் கிடந்த பாயைச் சுருட்டி வைத்தாள். விற்பனையில் பழங்கள் எல்லாம் போய்விட்டன. சிஞ்ஞோராவும் வந்து வாங்கினார். பங்குச் சுவாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பாவமில்லை சூசை, சின்னத் துண்டு ஒன்று தாறன், தண்ணியோட விழுங்கு" என்றார். நத்தார்ப் பூசையில் எழும்பிப் போய் வாங்கினேன். அப்போதும் கைத்தது, அப்போதும் நாறியது. ரீற்றா பின்னால் நின்று என் முதுகில் கையை வைத்திருந்தாள். அவள் மிலானோவுக்குப் போகவில்லை.

தவக்காலத்தில் ஒரு காலை கராம்பு கராம்பாக மணத்தது. ஒரு நொடிதான். பிறகு மறைந்தது. பிறகு திரும்பி வந்தது. கோடையில் தோடம்பழ மணமும் வந்தது. இப்போது சோறும் மீனும் சாப்பிடுகிறேன். கோப்பி இன்னும் செத்த எலிதான். சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், இப்போது எலுமிச்சம்பழத் தண்ணீர் தருகிறார். நான் முன்பு வாய் திறக்காதவன். இப்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிறேன். என் ஆண்டவர் என்னை மணக்க மணக்கக் காப்பாற்றவில்லை. எல்லோருக்கும் முன்னால், என் சத்திக்குள் வைத்துக் காப்பாற்றினார். அவருக்கு நன்றி.

நீங்களும் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் சொல்லத் தெரியாது என்றே கேளுங்கள், அவருக்கு விளங்கும். இன்னொன்றும் உங்களிடம் கேட்கிறேன். பூசையில் யாராவது எழும்பாமல் வாங்கிலேயே இருந்தால் அவருடைய பாவத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். வெளியே வந்ததும் கிட்டப் போய், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

சூசை,
பலேர்மோ.
தை மாதம் ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாள்.