நோன்பு நாளில் ஒரு ஃபியூஸ்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த, படுக்கை வசதியுள்ள கேம்பர் வேனில் பிளக் பாயின்ட் திடீரென்று வேலை செய்யாமல் போனது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் நரைத்த தாடிக்காரர். கழற்றும் திருகாணிகளைத் தன் தொப்பியில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா சொருவுனீங்க?"

"போன் சார்ஜர்தான் பாய்."

குழந்தையின் பால்புட்டியைக் கழுவ வெந்நீர் வேண்டுமென்று நான் சொருகியது கெட்டில். கூடாது என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் நின்றதால் உண்மை வாயில் வரவில்லை.

உச்சி வெயிலில் பாய் ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். தண்ணீர் நீட்டினேன். "நோன்பும்மா" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு மணி நேரம் கழித்து, படுக்கைக்கு அடியில் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் கருகியிருந்ததைக் கண்டுபிடித்தார். "சார்ஜருக்கெல்லாம் இது போவாதே" என்று முணுமுணுத்தவரின் பார்வை, என் பையிலிருந்து துருத்திய கெட்டிலில் நின்றது.

"இவ ஏதாவது பண்ணிட்டாளா பாய்?" என்றார் கணவர்.

"அதெல்லாம் இல்ல தம்பி. பழைய ஃபியூஸு, சூட்டுல போயிருக்கும்."

நோன்பு வைத்திருந்தவரை எனக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். கணவரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பாய் பொய்யராகிவிடுவாரே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன்.