கரிநாளில் புதுப்பித்த கணினி

முத்துப்பேட்டைக்குப் போகும் சாலையில், எங்கள் ஊர்க் கடைத்தெருவில், உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, வந்தவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நானும் என் மனைவியும் நடத்துகிறோம். போன தை மாதம் ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் அம்மா பால் காய்ச்சித் திறந்து வைத்த கடை. அதற்குப் பிறகு கணினி ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. நாள் பார்த்துத் திறந்ததுதான் காரணம் என்பது அம்மாவின் முடிவு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் வளர்ந்தவர்கள். அதனால் வீட்டில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சுவிட்சு இருக்கிற எந்தப் பொருள் கெட்டாலும் என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். மிக்ஸி, டார்ச் லைட், ஒருமுறை பக்கத்து வீட்டு மருந்து தெளிப்பான். படித்தவனுக்குத் தெரியாமல் போகுமா என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நானும் முடிந்தவரை முழித்துப் பார்ப்பேன்.

அன்று சித்தப்பா காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சம்பா பயிருக்குக் காப்பீடு பதிய அன்றுதான் கடைசி நாள். அவர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்வது கடைமடை நிலம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும், மழைத் தண்ணீர் முதலில் வந்து நிற்கும். போன வருடம், காப்பீட்டுப் பணத்தை அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்திவிட்டார். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை வந்து வயல் முழுக்க மூழ்கியது. அறுத்தது வைக்கோல் மட்டும், அதுவும் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட வைக்கோல். இந்த முறையும் தவறினால் சித்தி குத்தகையைக் கைவிடச் சொல்லிவிடுவார், மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும். ஆகவே சாகுபடிக்கான அடங்கல் சான்று, வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாவற்றையும் உரப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, விடிந்ததும் வந்துவிட்டார்.

நான் கணினியைப் போட்டேன். காப்பீட்டுத் தளத்தைத் திறக்க பிரவுசரைச் சொடுக்கினேன். வெள்ளைப் பக்கம். நடுவில் சிவப்பாக ஒரு முக்கோணம். உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல என்று ஒரு வரி.

"என்னடா போட்டுருக்கு?"

"இணைப்பு தனிப்பட்டது இல்லையாம், சித்தப்பா."

"அப்ப எவனாவது எட்டிப் பாக்குறானா?"

முந்தைய நாள் நான் பிரிண்டருக்கு மை வாங்கக் கும்பகோணம் போயிருந்தேன். பழைய பிரவுசரில் இனி தளம் திறக்காது, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று நாலைந்து நாளாக அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பை நான் இறக்கி மட்டும் வைத்திருந்தேன். நான் திரும்புவதற்குள் மனைவியே அதை ஏற்றிப் புதுப்பித்து முடித்துவிட்டாள். முடித்த கையோடு கடையைப் பூட்டிவிட்டாள். மறுநாள் திருவாரூரில் அவளுடைய மாமன் மகளுக்குக் கல்யாணம், முதல் பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டும்.

புதுப்பித்ததில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குப் புரிந்தது. என்ன கோளாறு என்பதுதான் புரியவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன். இணைய வயரைப் பிடுங்கிச் செருகினேன். மோடத்தின் தலையில் தட்டினேன். என் போனிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தேன். அதே சிவப்பு முக்கோணம். ஆனால் அதே போனில் அதே தளம் பளிச்சென்று திறந்தது. போனிலேயே பதிந்துவிடலாமென்றால், எங்கள் சென்டரின் கணக்குக்குள் நுழைய என் கைரேகை வேண்டும், கைரேகைக் கருவி இந்தக் கணினியோடு மட்டும்தான் பேசும்.

சித்தப்பா எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வயர்ல நெட்டு வருதா?"

"வருது."

"மிஷினு ஓடுதா?"

"ஓடுது."

"மதகு தொறந்துருக்கு, வாய்க்கால்ல தண்ணி வருது, வயலுக்குள்ள மட்டும் ஏறல. அப்ப அடைப்பு வாமடையிலதான் இருக்கும். நல்லாப் பாரு."

வாமடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் நுழைகிற சின்ன வாய். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் திறந்துவிடும். கணினியில் அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தளத்தின் சான்றிதழில் தேதி சரியில்லை என்கிற மாதிரி. அவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, அதிகாரிகளைக் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டும்போது மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. வேறு தளத்தைத் திறந்தால் அங்கேயும் அதே வரி. எல்லோருமா ஒரே ராத்திரியில் மறந்திருப்பார்கள்?

மனைவிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். தவிலும் நாகஸ்வரமும்தான் காதுக்குள் வந்தன.

"பிரவுசர்ல என்ன பண்ணுன?"

"என்னங்க? பந்தி இன்னும் போடலங்க."

"பந்தி இல்ல, பிரவுசர்."

"தாலி கட்டப் போறாங்க, அப்பறம் கூப்புடுறேன்."

கெட்டிமேளம் முழங்கியது. போன் அணைந்தது.

பக்கத்து ஊர்ச் சென்டருக்குப் போன் செய்தேன். அங்கே சாலை வரைக்கும் வரிசை, இனி யாரையும் அனுப்பாதே என்றார்கள். வெளியே கிழக்குப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உரக்கடைக்காரர் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டார். சித்தப்பா ஒருமுறை எழுந்து வானத்தைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்து உரப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மதியம் அம்மா தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "என்னடா, வெளக்கெண்ண குடிச்ச மாதிரி இருக்க?" என்றார்.

"கம்ப்யூட்டர் வேலை செய்யலம்மா. நேத்து புதுசா ஏத்துனதுலேருந்து."

"அப்புடி இருக்காதே. நல்ல நாள்லதானே ஏத்துனோம்."

சித்தப்பா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். "நேத்து கரிநாளுல்ல, அண்ணி?"

"கரிநாள்தான். அதான் நான் இங்கயே வந்து நின்னுகிட்டேன். புதுசா எதையும் இன்னிக்குத் தொடங்காதே புள்ளன்னேன். அதுக்கு மருமவ, அத்த, நாளைக்குள்ள ஏத்தலன்னா சின்ன மாமாவுக்குப் பதிய முடியாதுன்னுச்சு. ரெண்டு பேரும் யோசிச்சோம். அப்பறம் அதுதான் சொன்னுச்சு, மிஷினுக்குள்ள ஒரு நாள் ஓடுது அத்த, அத நம்ம கடை தொறந்த நாளுக்கு மாத்திட்டு ஏத்துனா மிஷினப் பொறுத்தவரைக்கும் அது தை மாச முகூர்த்தம்தானேன்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. கெட்டிக்காரி உன் பொண்டாட்டி."

நான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். மணி சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்குக் கீழே தேதி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டும், நடுவில் குங்குமமும். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்தது. இந்தத் திரைக்குச் சட்டம் நூல் அகலம்தான், அம்மாவின் கட்டைவிரலோ அப்படியில்லை, பொட்டு திரைக்குள் வழிந்து காய்ந்திருந்தது. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாதென்று நாங்களும் தொடாமல் வைத்திருந்தோம்.

சட்டை நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தேன்.

"டேய், டேய்," என்றார் அம்மா.

சந்தனத்துக்கு அடியில் தை மாதம் இருந்தது.

பிறகு எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் என்று இருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் கொடுக்கப்பட்ட சான்றிதழை, தை மாதத்தில் உட்கார்ந்திருக்கும் கணினி எப்படி நம்பும்? இன்னும் பிறக்காத ஆள் வந்து கதவைத் தட்டுகிறான் என்றுதான் அது திருப்பி அனுப்பியிருக்கிறது. ஏற்றி முடித்ததும் தேதியை மறுபடி மாற்ற அவள் நினைத்திருப்பாள். கல்யாணப் புடவை நினைவில் அது நழுவிவிட்டது.

தேதியை மாற்றப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டார். "இப்ப எமகண்டம்டா. முடியட்டுமே, கொஞ்ச நேரந்தான்."

சித்தப்பா குறுக்கே வந்தார். "அண்ணி, நம்ம கடைமடைக்கு ஆத்துத் தண்ணி என்னிக்காவது நல்ல நேரம் பாத்து வந்துருக்கா? வர்றப்ப வெட்டி விட்டுக்கிறதுதான். வெட்டுடா."

அம்மா கையை எடுத்துக்கொண்டார். ஆனால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று முணுமுணுத்தது கேட்டது.

இன்றைய தேதியைப் போட்டேன். பிரவுசரைச் சொடுக்கினேன். சிவப்பு முக்கோணம் இல்லை. தளம் மெல்லத் திறந்தது, கடைசி நாள் நெரிசலில் அது மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. என் கைரேகை ஏறியது. சர்வே எண், குத்தகைதாரர் பெயர், பயிர். ஒவ்வொரு பெட்டியாக நிரப்ப நிரப்ப சித்தப்பா எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருடைய பட்டன் போன் கீச்சென்று கத்தியது.

"ஏதோ நம்பர் வந்துருக்கு பாரு."

"அதான் ஓ.டி.பி., சித்தப்பா. கடைசி வாமடை, குடுங்க."

ரசீது பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது முதல் தூறல் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. சித்தப்பா அதைக் கையில் வாங்கித் தன் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா கொண்டுவந்த சோற்றில் பாதியை, வேண்டாம் வேண்டாம் என்றபடியே சாப்பிட்டார்.

வண்டியை உதைக்கும்போது, "ஏண்டா, அந்த மிஷினுல நாள மாத்துறாப்புல வயல்லயும் மாத்த முடியுமா? போன வருசம் மழைக்கு முந்துன நாளுக்கு?" என்றார்.

"அதுக்கு இன்னும் அப்டேட்டு வரல, சித்தப்பா."

"வந்தா மொதல்ல என் வயலுக்கு ஏத்து," என்றார். வடிகாலை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டுமென்று மழைக்குள்ளேயே போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி திருவாரூர் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதற்கு முன் அவள் கேட்டாள்: "சின்ன மாமாவுக்குப் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு."

"அப்பாடா. நேத்து நான் இல்லன்னா அந்த பிரவுசர அத்த ஏத்தவே விட்டுருக்க மாட்டாங்க, தெரியுமா?"

தெரியும் என்றேன். அம்மா அப்போது புதிதாகக் குழைத்த சந்தனத்தோடு கணினிக்கு முன் நின்று, எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் திரையின் முதுகுப் பக்கத்தைக் காட்டினேன்.