என்ஜினியருக்கு ஒரு நாற்காலி

ஒரு நாற்காலியை ஓரிடத்தில் போட்டுவிட்டு அப்பால் போகத் தெரியாத மனிதர் எங்கள் பெரியப்பா. பிறவியிலேயே அப்படி இல்லை. ஊட்டிக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் இப்படி ஆனார்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊட்டி போனவர், இரண்டு நாள் ஒரு ஓட்டலில் தங்கினார். அங்கே புல்வெளியில் பெரிய குடை ஒன்றை நட்டு, அதன் கீழே பிரம்பு நாற்காலிகளைப் போட்டு, ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். நம்ம வாசலுக்கு என்ன குறைச்சல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குறைச்சல் ஒன்றும் இல்லைதான். நாலு வண்டிகளை நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும் வாசல் அது. கடலையும் மஞ்சளும் காயப்போடுவதற்காகச் சிமெண்டு போட்டிருந்தார்கள். பதினைந்து நாளில் கோயமுத்தூரிலிருந்து ஒரு டெம்போ வந்தது. பிரம்பு சோபா ஒன்று, பிரம்பு நாற்காலிகள் ஆறு, மேலே கண்ணாடி வைத்த வட்ட மேசை ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு ராட்சசக் குடை. குடையின் அடியில் இருந்த சிமெண்டு உருண்டையை உருட்டவே இரண்டு பேர் வேண்டும்.

"ஏனுங்க, இனிக் கடலைய எங்கீங்க காயப்போடறது? கொடை மேலயா?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. எந்த நாற்காலி எங்கே என்று சிமெண்டுத் தரையில் வட்டம் வரைந்து எண் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. பெரியப்பாவின் மகன் விடுதியில் தங்கிப் படித்தான். அப்பா வியாபார விஷயமாக மாதத்தில் முக்கால்வாசி நாள் ஈரோட்டில் இருந்தார். பெரியப்பாவுக்கு முதுகை வளைப்பது பிடிக்காது. ஆக மிச்சம் இருந்தது நான்தான். அம்மணி, அதை இக்கட்ட போடு. அம்மணி, இதை அக்கட்ட நகத்து. வெயில் சாய்ந்தால் ஒரு வரிசை, காற்றுத் திரும்பினால் இன்னொரு வரிசை. சாக்பீஸ் வட்டங்கள் பெருகிக்கொண்டே போய் எது எந்த எண் என்று அவருக்கே குழப்பமாகி, அதற்கும் என்னைத்தான் திட்டுவார். உட்காருவதற்கென்று வாங்கிய நாற்காலிகளில் அந்த வீட்டில் யாரும் முழுசாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த மாசியில் எங்கள் தோட்டத்து டிரான்ஸ்பார்மர் புகைந்து நின்றுபோனது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஏற்றத்தான் வழியில்லை. குலை தள்ளிய வாழைகள் நாளுக்கு நாள் இலையைத் தொங்கப்போட்டன. புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் என்ஜினியர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் வேறு டிரான்ஸ்பார்மர் வரும் என்றார்கள். பெரியப்பா கரண்டு ஆபீசுக்கு இரண்டு நடை போனார். இரண்டு தடவையும் என்ஜினியர் வேறு எங்கோ லைன் பார்க்கப் போயிருந்தார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறாராம் என்று தகவல் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நாற்காலி வேலை நடந்தது. ஆனால் அன்றைக்குப் பெரியப்பா ஒரே தடவையில் திருப்தியாகிவிட்டார். நடுவில் மேசை, ஒரு பக்கம் சோபா, சுற்றிலும் ஆறு நாற்காலிகள், எல்லாம் குடை நிழலுக்குள். "என்ஜினியரு இங்க, எனக்குப் பக்கத்துல," என்று ஒன்றாம் எண் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ஆறிலும் ஒவ்வொரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் லைன்மேன் சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கு வெளியிலிருந்தே பெரியப்பாவிடம் எதையோ சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வந்த பெரியப்பாவின் முகம் வேறாக இருந்தது.

"அந்த என்ஜினியரு யாருன்னு தெரியுமா? நம்ம பண்ணயத்துல வேலைக்கு இருந்துட்டு அப்பறம் திருப்பூருக்குப் போனானே, அவம் பையனாமா."

பெரியம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் தோட்டத்திலேயே வேலை செய்தவருடைய மகன் என்றால் தெரிந்தவர்தானே!

"அப்பக் கரண்டு சீக்கிரம் வந்துருமுங்களா பெரியப்பா?"

"நீ போய்ப் படி அம்மணி" என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் என்னை எழுப்பிவிட்டார். முந்தின நாள் போட்ட வரிசை வேண்டாமாம். சோபா மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் எதிரில் இரண்டு வரிசையாகப் போடு என்றார். போட்டேன். அது கீற்றுக் கொட்டகையில் படம் பார்க்கப் போட்ட மாதிரி இருந்தது. சோபாவுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இன்னும் இடைவெளி வேண்டும் என்றார். நகர்த்தினேன். அப்புறம் நாற்காலிகளே வேண்டாம், மோட்டார் ரூமில் கிடக்கும் மர பெஞ்சைக் கொண்டுவந்து ஓரமாகப் போடலாம் என்றார். பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். நானும் பெரியம்மாவும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்தோம். தூரமாக நின்று பார்த்துவிட்டு, "கவர்மெண்டு உத்தியோகஸ்தன பெஞ்சுல உக்கார வெச்சா கோவிச்சுக்குவான்" என்று திரும்பக் கொண்டுபோகச் சொன்னார். அடுத்து ஒரு யோசனை: யாருமே உட்கார வேண்டாம், நின்றபடியே பேசி அனுப்பிவிடலாம். எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப்போட்டேன். வெறும் வாசலில் குடை மட்டும் தனியாக நின்றது.

"என்ற மூட்டு வலிக்கு நான் நிக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்" என்றார் பெரியம்மா. அவரைப் பேச்சுவார்த்தைக்கு யாரும் அழைத்திருக்கவே இல்லை. ஆனாலும் சோபா வெளியே வந்தது.

எனக்கு அழுகை முட்டியது. ஒரு ஆள் வருகிறார், ஒரு நாற்காலியைக் காட்டினால் உட்காருகிறார். இதற்கு இத்தனை பாடா? விரல் இடுக்கெல்லாம் பிரம்பு கீறி எரிந்தது. அம்மாவிடம் போய் முறையிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வராமலேயே, "அவங்க சொல்றதச் செய் கண்ணு" என்றார். அந்தக் குரலிலும் எரிச்சல் இருந்தது. அது என் மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தார். பால் சங்கத்தில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியிருக்கிறார்கள், அதை வாங்கி வந்து சோபாவுக்கு எதிரில் போட்டால் ஆயிற்று.

"இதுன்னாக் கழுவிக்கலாம்" என்றார்.

"பிரம்புச் சேரையும் துணி போட்டுத் தொடச்சுக்கலாமுங்க பெரியம்மா" என்றேன். என்ஜினியர் ஸ்கூட்டரில் புழுதியோடு வருவார், அதற்காகச் சொல்கிறார் என்பது என் கணக்கு. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பால் சங்கத்துக்குப் போய் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பத்து மணிக்குச் சரியாக ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. என்ஜினியர் ஒல்லியாக, சட்டைக் கையை மடித்துவிட்டு, தோளில் ஒரு பையோடு இருந்தார். வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தவர், வாசலின் பாதியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு வந்து "வணக்கமுங்க" என்றார். பெரியப்பா சோபாவிலிருந்து பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு. பெரியப்பா கன்றுக்குட்டியைக்கூட "வாங்க சாமி" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் பேசிய விதம் எனக்குப் புதிதாக இருந்தது.

"வந்தாச்சா? வழியெல்லாம் தெரிஞ்சுதா? வெயில் ஜாஸ்தி. உக்காரலாமே."

வாங்க என்றும் இல்லை, வா என்றும் இல்லை. ஆபீசர்களிடம் இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

குடை நிழல் சோபாப் பக்கத்தோடு முடிந்திருந்தது. சிவப்பு நாற்காலி நல்ல வெயிலில் இருந்தது. அதன் கைப்பிடியில் கையை வைத்த என்ஜினியர் சூடு பட்டுச் சட்டென்று எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து நான் பட்ட பாடெல்லாம் இந்த மனிதரை வெயிலில் உட்கார வைக்கவா? உள்ளே ஓடி, ஒரு பிரம்பு நாற்காலியை இழுத்து வந்து, முந்தின நாள் பெரியப்பா தட்டிக் காட்டிய அதே ஒன்றாம் எண் வட்டத்தில், சோபாவை ஒட்டி, நிழலில் போட்டேன்.

"சார், அது பால் சங்கத்துச் சேருங்க. இதுதான் எங்க ஊட்டுச் சேரு. இதுல உக்காருங்க."

என்ஜினியர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு, "தேங்க்ஸ் கண்ணு" என்று உட்கார்ந்தார்.

அந்த நிமிஷமே பெரியப்பா குளவி கொட்டியது போல எழுந்தார். குடைக் கம்பி கோணலாக இருப்பதாகச் சொல்லி அதைப் பிடித்து ஆட்டினார். ஆட்டி முடித்தும் உட்காரவில்லை. என்ஜினியர் பையிலிருந்து காகிதங்களை எடுத்து மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். எத்தனை ஏக்கர், மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எந்தப் பக்கம் கம்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியப்பா வெயிலில் நின்று பதில் சொன்னார்.

"நீங்க உக்காருங்க" என்று மூன்று தடவை சொன்னார் என்ஜினியர்.

"இல்ல, இருக்கட்டும். உக்காந்தா முதுகு புடிச்சுக்குது."

பெரியப்பாவுக்கு முதுகுவலி என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. போன வாரம்தான் அந்தச் சோபாவில் மூன்று மணி நேரம் குறட்டைவிட்டுத் தூங்கியிருந்தார்.

பெரியம்மா ஒரு தட்டில் கலர் பாட்டிலையும் உறிஞ்சுகுழலையும் வைத்துக் கொண்டுவந்தார். யார் வந்தாலும் எங்கள் வீட்டில் காப்பிதான். கலர் எதற்கு வாங்கினார்கள் என்று தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் பாட்டில் வியர்த்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"நீ குடி கண்ணு" என்று பாட்டிலை என் கையில் கொடுத்தார் என்ஜினியர். பெரியம்மாவிடம், "எனக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க, போதும்" என்றார்.

பெரியம்மா தட்டோடு அப்படியே நின்றார். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏன் இப்படி நிற்கிறார் என்று பார்த்தேன். அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். பெரியப்பா வாசலில் இருக்கும்போது அம்மா முன்னால் வந்து நிற்பது அபூர்வம். நாங்கள் தினமும் குடிக்கும் செம்பும் டம்ளருமாக வந்து, தண்ணீரை ஊற்றி, அவர் கையிலேயே கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். பெரியம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் கலரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

டிரான்ஸ்பார்மரைப் பார்க்கக் கிளம்பியவரோடு நானும் ஒட்டிக்கொண்டேன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வேகமாகப் போய்விட்டார். மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் என்ஜினியர் நின்றார்.

"இந்த எடத்துலதான் எங்கம்மா கடலைக்காய் ஒடச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நானும் பக்கத்துல இருப்பேன், உன்ற வயசுல."

"கீழயா? வெறுந்தரையிலயா? வாசல்ல வந்து சேர்ல உக்காந்துக்கறதுக்கென்னங்க?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். குடையும் சோபாவும் பிரம்பு நாற்காலியும் அப்படியே இருந்தன. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"அப்பெல்லாம் சேரு இல்ல கண்ணு" என்றார்.

அவர் எங்களை இழுத்தடிக்கவும் இல்லை, சலுகை காட்டவும் இல்லை. எங்களுக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருந்த இரண்டு தோட்டங்களுக்குக் கரண்டு வந்தது, அதற்கடுத்து எங்களுக்கு வந்தது. வாழை பிழைத்துக்கொண்டது. பால் சங்கத்து நாற்காலியை யாரும் உட்காராமலேயே நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி வட்டம் போட்டபோது பெரியப்பா ஐந்து நாற்காலிகளுக்குத்தான் சாக்பீஸால் வரைந்தார். என்ஜினியர் உட்கார்ந்த ஆறாவதை மோட்டார் ரூமுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். மழையில் நனைந்து அதன் பின்னல் அவிழ்ந்தது. கேட்காமல் எடுத்து வந்ததற்காக எனக்குக் கொடுத்த தண்டனை அது என்றே நினைத்தேன். இனி எதையும் கேட்காமல் எடுப்பதில்லை என்று தீர்மானம்கூடச் செய்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குச் சொல்வதற்கு ஒரு புதுச் செய்தி இருந்தது.

"பெரியப்பா, அந்தக் காலத்துல நம்ம ஊட்டுல ஒரு சேருகூட இல்லீங்களாமா. பாவம், எல்லாரும் கீழதான் உக்காருவாங்களாம். என்ஜினியர் சொன்னாங்க."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அவருடைய அப்பா இளவயதில், கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய தேக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். அவருக்கு இரு பக்கமும் அதே மாதிரி நாற்காலிகள் இன்னும் இரண்டு, ஆள் இல்லாமல் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. யாராவது நான் சொன்னதை மறுப்பார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லாததால், நம்ம வீடு ஒரு காலத்தில் அவ்வளவு ஏழையாக இருந்திருக்கிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு ரசம் சோற்றைச் சாப்பிட்டேன்.