ஆரஞ்சு உரித்த முதலாளி

1. காபிப் பழத்தைத் தோல் நீக்கித் தொட்டியில் ஊறவைத்தோம்.
2. தான் வரும்வரை யாரும் அதைக் கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டு, தம்பி முதலாளி வத்தலக்குண்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.
3. கழுவும் நேரம் தவறி, கொட்டை முழுவதும் புளித்து நாறியது.
4. தொட்டியைப் பார்த்துக்கொண்ட தொழிலாளிக்கு வேலை போயிற்று.

அவரை நீக்கியவர் அண்ணன் முதலாளி. பெரும்பாறையில் அந்தக் குடும்பத்தின் காபிக் கிடங்கில் நான் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கஞ்சி போட்ட சட்டை, அகலமான சந்தனப் பொட்டு. ஆட்களை அதட்டினால் அவர் குரல் சரிவுக்குக் கீழே வரை கேட்கும். தம்பி எதிரில் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஓர் ஆரஞ்சை எடுத்து உரிப்பார். நாரையும் ஒவ்வொன்றாக எடுப்பார். அது முடிவதற்குள் தம்பி எழுந்து போய்விடுவார்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. தம்பி போனதும் நான் கேட்டேன்:

"தப்பு உங்க தம்பி மேலதானுங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"சுளை எடுத்துக்கங்கம்மா. நம்ம தோட்டத்துப் பழம்."

"தொட்டிக்காரர் என்னங்க செஞ்சார்?"

"அவன்கிட்டச் சொல்றது லேசும்மா. தம்பிகிட்டச் சொல்லிட்டு, ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்து எப்படிச் சோறு திங்கிறது?"

வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளிக்கு அது கேட்டுவிட்டது.

"நல்லாத் தின்னுங்க மொதலாளி. எங்கூட்லதான் இன்னிக்கு உலை வைக்கிற சோலி இல்ல."

முதலாளி தலை நிமிரவில்லை. கையிலிருந்த சுளையில் விதை தேடினார்.

அந்தத் தொழிலாளி இப்போது வில்பட்டியில் பூண்டுக்குக் களை எடுக்கிறார். தொட்டி இன்னும் தம்பியின் பொறுப்பில்தான் இருக்கிறது. இந்த முறையும் கொட்டை புளித்துவிட்டது.